நாயில்லாத வீடு

"செத்தவன் பேரை யாராவது இப்படிக் கூசாமச் சொல்லுவாங்களாக்கா? ஆள் உயிரோட இருக்கான். பந்தயம் கட்டுறேன்," என்றான் மினிக்.

பிபியானா பந்தயத்துக்கு வரவில்லை. உகாலிக் ஊரின் ஒரே கடையின் படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி உள்ளே புகுந்த கூழாங்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து பாதி வீடுகளை விழுங்கியிருந்தது. மிச்ச வீடுகளும் எந்த நேரமும் கிளம்பிவிடுகிற மாதிரிதான் நின்றன.

நூக் நகரத்துக் காவல் நிலையத்தில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் பிபியானா. அதிகாரிகள் கேட்கத் தவறிய கேள்விகள் மனசில் சேர்ந்துகொண்டே போக, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தனியாகத் துப்பறியத் தொடங்கிவிட்டாள். மினிக் அவளுடைய உதவியாளன். மூட்டை தூக்குவான், படகு ஓட்டுவான், எந்தக் குளிரிலும் நிற்பான். வாயை மட்டும் அவனால் கட்ட முடியாது.

விஷயம் சின்னதுதான். போன வருடம் கடல் உறையத் தொடங்கிய காலத்தில், பரோத் தீவிலிருந்து ரோக்வூர் என்ற பயணி உகாலிக்குக்கு வந்தார். சின்ன வயதில் தொடையில் நாய் கடித்ததிலிருந்து நாய் என்றால் அவருக்குக் கை கால் ஓடாது. வீட்டுக்குப் பத்து நாய் குரைக்கிற ஊருக்கு ஏன் போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, "பயத்தை அங்கேயே விட்டுட்டு வரத்தான்" என்றாராம். வந்தார், எல்லார் வீட்டிலும் காபி குடித்தார், காணாமல் போனார். "மலை தாண்டி வடக்கே நடந்தார், கை காட்டிட்டுத்தான் போனார்" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. காவல்துறை வந்தது, மூடுபனியைப் பார்த்தது, திரும்பிப் போனது.

இன்று காலை கப்பலில் ரோக்வூரின் அம்மா மார்கிரெத்தும் இவர்களோடு வந்து இறங்கியிருந்தார். மூட்டு வலியால் ஏற்றத்தில் நடக்க முடியாமல், படகுத்துறைக்குப் பக்கத்திலிருந்த ஊர்க்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். "என் பிள்ளை இருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. இல்லைன்னா தாங்கிக்கிறேன். தெரியாம இருக்கிறதுதான் என்னைத் தின்னுது," என்று சொல்லி அனுப்பியிருந்தார். சரக்கு இறக்கி முடித்ததும் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த கப்பல் எப்போது என்று பனிப்பாறைகளைத்தான் கேட்க வேண்டும்.

"சரி, உன் வாதத்தைச் சொல்லு," என்றாள் பிபியானா.

மினிக் நெஞ்சை நிமிர்த்தினான். "நம்ம பக்கத்துல ஒருத்தர் செத்தா, அந்தப் பேர் ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் யாராவது வாயால சொல்லுவாங்களா? சொன்னா வந்து நிக்கும்னு பயம். எங்க அம்மா, அவங்க தாய்மாமன் செத்து நான் பொறக்கிற வரைக்கும் 'அந்த நெட்டை, அந்த நெட்டை'ன்னே காலத்தை ஓட்டியிருக்காங்க. நான் பொறந்தப்புறம்தான் மினிக்னு வாய்விட்டுக் கூப்பிட்டாங்க."

"இப்பவும் உன்னை மாமான்னுதானே கூப்பிடுறாங்க."

"ஆமா. மாமாவை எப்படித் திட்டுறது? அந்த ஒரு வசதிக்காகவே செத்தவருக்கு நான் கடன்பட்டிருக்கேன்." விரலை மடக்கினான். "இப்போ இங்கே வாங்க. கடைக்காரி பெர்த்தா என்ன சொன்னா? 'ரோக்வூரா? ரோக்வூர் தங்கமான மனுஷன்.' ஒரே மூச்சுல ரெண்டு தடவை. துறையில நின்ன படகுக்காரனும் அப்படியே. ஒருத்தர் குரல்லயும் நடுக்கமில்லை. அப்போ இவங்களுக்குத் தெரிஞ்சு மனுஷன் சாகலை. வடக்கே யாரோ ஒரு விதவை வீட்டுல சமைச்சுப் போட்டுக்கிட்டு சௌக்கியமா இருக்கார்."

"கெட்டிக்காரத்தனமா இருக்கு," என்றாள் பிபியானா. "அதனாலதான் எனக்கு நம்பிக்கை வரலை."

அப்போது மூடுபனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மேலங்கியின் முதுகுப்புறத்துப் பெரிய குல்லாய்க்குள் கைக்குழந்தை. கடைக்குள்ளிருந்து பெர்த்தா தலையை நீட்டி, "அமாலியா. எனோக் பொண்டாட்டி. ரோக்வூர் இவங்க வீட்டுலதான் தங்கியிருந்தார்," என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை என்று மினிக் கண்ணைக் காட்டினான்.

படிக்குக் கீழே ஒரு தாய்நாய் குட்டிகளோடு படுத்திருந்தது. அமாலியா குனிந்து பூட்ஸ் பனியைத் தட்டும்போது, முதுகிலிருந்த குழந்தை சரிந்து கையை நீட்டி ஒரு குட்டியின் மூக்கைப் பிடித்தது. குட்டி கையை நக்கியது. குழந்தை கெக்கலி கொட்டிச் சிரித்தது. வெந்நீர் பட்டவள் மாதிரி அமாலியா துள்ளி எழுந்தாள். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க. நான் பார்க்கலை. போயிடலாம்," என்று தோளுக்கு மேலாகக் குழந்தையிடம் கெஞ்சியபடி, வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினாள். மேலே நேராகப் போகிற பாதை இருக்க, தண்ணீரோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

"சிரிச்சது குழந்தை, பயந்தது அம்மா," என்றான் மினிக். "இந்த ஊர்ல வேலையெல்லாம் பிரிச்சுக் குடுத்திருக்காங்க போல."

பிபியானா பூட்ஸை மாட்டி நிதானமாகக் கயிறு கட்டினாள். "துறைக்குப் போய் இன்னும் எவ்வளவு சரக்கு பாக்கின்னு பார்த்துட்டு வா. வாயைத் திறக்காதே."

போனவன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது, முகம் மட்டும் பளபளவென்றிருந்தது. "சரக்கு பாதி முடிஞ்சிடுச்சு. அப்புறம்… அந்த அம்மாகிட்ட சொல்லிட்டேன்க்கா."

"என்னன்னு?"

"உயிரோட இருக்கார்னு நினைக்கிறேன்னு."

"வாயைத் திறக்காதேன்னேன்."

"அவங்க முகத்தைப் பார்த்தேன். தானாத் திறந்துக்கிச்சு." கொஞ்சம் தயங்கினான். "உடனே வீட்டுக்குப் போன் போட்டாங்க. ரோக்வூரோட அப்பா படுத்த படுக்கையாம். சேதி கேட்டதும் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டாராம். நாலு நல்ல வார்த்தை சொன்னா ஒரு கிழவர் பொழைச்சுக்கிறார், அதுல என்ன தப்பு?"

பிபியானா எழுந்து அமாலியா போன பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

எனோக்கின் வீடு ஊர்க்கோடியில் இருந்தது, மஞ்சள் வீடு. பக்கத்தில் போனதும் மினிக்குக்கு என்னவோ போலிருந்தது. என்னவென்று பிடிபடச் சிறிது நேரமாயிற்று. சத்தமே இல்லை. உகாலிக்கில் எந்த வேட்டைக்காரன் வீட்டை நெருங்கினாலும் சங்கிலி குலுங்கும், பத்து நாய் ஒன்றாக ஊளையிடும். இங்கே பாறையில் இரும்பு வளையங்கள் அடித்திருந்தன, சங்கிலிகள் துருவேறிக் கிடந்தன. ஒரு நாயும் இல்லை.

கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆள் காலி வாளிகளோடு வந்தான். கழுத்து தடித்த, தோள் இறங்கிய ஆள். அவன்தான் எனோக். அங்கேதான் அவனுடைய நாய்கள். அவற்றுக்குப் போடும் சீல் விலங்குக் கறியைத் தினமும் இவ்வளவு தூரம் சுமக்கிறான்.

"நாயைக் கல்லறைக்குக் காவல் போட்டிருக்கார் போல," என்று மினிக் முணுமுணுத்தான். சொன்னபிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தான்.

கதவைத் தட்டாமல் உள்ளே போனார்கள், அந்தப் பக்கத்தில் தட்டுவது கடன் கேட்க வந்தவன் செய்கிற காரியம். அமாலியா காபி ஊற்றினாள். திமிங்கிலத் தோலும் காய்ந்த மீனும் மேஜைக்கு வந்தன. குழந்தை தரையில் சீல் தோல்மேல் உட்கார்ந்து ஒரு கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. எனோக் வாசலறையில் சட்டையை மாற்றினான், சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினான். உள்ளே வந்தவன் விருந்தாளிகளைப் பார்ப்பதற்கு முன் குழந்தை முன்னால் குந்தி, "வந்துட்டேங்க," என்றான்.

அதிலொன்றும் அதிசயமில்லை. பேர் யாருடையதோ மரியாதையும் அவருடையது. யாரோ மாமனார் என்று மினிக் நினைத்துக்கொண்டான்.

"ரோக்வூர் எங்கே படுத்துக்குவார்?" என்று பிபியானா ஆரம்பித்தாள்.

"ரோக்வூரா? அந்த ஜன்னல் பக்கம்."

"வடக்கே போனதை நீங்க பார்த்தீங்க?"

எனோக்கின் புருவம் மேலே ஏறியது. பார்த்தேன் என்று அர்த்தம்.

"தனியா?"

மறுபடியும் புருவம்.

"திரும்பி வருவேன்னு சொன்னாரா?"

மூக்கு சுருங்கியது. இல்லை.

"இப்படியே பேசினா நாம நாக்கை வித்துட்டுப் போயிடலாம்," என்றான் மினிக். யாரும் சிரிக்கவில்லை. அமாலியா மட்டும் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரோரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

பிபியானா மீனைக் கிழித்து வாயில் போட்டு மென்றாள். "நாய்களை ஏன் அவ்வளவு தூரத்துல கட்டியிருக்கீங்க? கறி சுமந்தே தோள் கழண்டிருமே."

"குழந்தைக்கு நாய்னா பயம்."

மினிக் வாயைத் திறந்தான். மேஜைக்கடியில் பிபியானாவின் பூட்ஸ் அவன் காலை அழுத்தியது. மூடிக்கொண்டான்.

"எப்பலேர்ந்து பயம்?"

"பொறந்ததுலேர்ந்து."

"ஞானஸ்நானத்துல என்ன பேர் வெச்சீங்க?"

"எல்லன்," என்றாள் அமாலியா, திரும்பாமலே.

"எல்லன். அப்புறம்? ஒரே பேரோட நிறுத்தின குடும்பத்தை இந்தக் கரையில நான் பார்த்ததில்லை."

கல்லறைப் பக்கத்திலிருந்து திடீரென்று நாய்கள் ஊளையிட்டன. ஒன்று தொடங்கி மற்றது சேர்வதல்ல, எல்லாம் ஒரே குரலாக. எனோக் ஒரே தாவலாகத் தாவிக் குழந்தையின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினான். குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது.

ஊளை அடங்கிய பிறகு பிபியானா மெதுவாகப் பேசினாள். "கடைவாசல்ல உங்க பொண்ணு நாய்க்குட்டி மூக்கைப் பிடிச்சுச் சிரிச்சா. அவளுக்குப் பயம் கிடையாது எனோக். பயம் அவ பேருக்கு. உகாலிக்ல பொறந்தவன் எவனும் நாய்க்குப் பயந்ததில்லை. இந்த ஊருக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்தான் பயந்தார்."

எனோக் தலை குனிந்தான்.

"எல்லன் ரோக்வூர்," என்றாள் அமாலியா. பெண் குழந்தைக்கு ஆண் பேரா என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. பேருக்கு அந்தப் பேதம் ஏது?

மினிக்கின் வாதம் முழுசாகத் தலைகீழாக விழுந்தது. ஊர் அந்தப் பேரைக் கூசாமல் சொன்னது ஆள் உயிரோடு இருப்பதால் அல்ல. பேர் ஏற்கெனவே ஒரு வீடு தேடிச் சேர்ந்துவிட்டது, அதனால். இது அவனுக்குத் தெரியாத வழக்கமா? அந்த வழக்கத்தின் பலன்தானே அவனே. முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை மறந்தான். எங்கேயோ ஒரு தீவில் ஒரு கிழவர் சூப் கேட்டாரே என்ற நினைப்பு வந்தது.

"என்ன நடந்தது?" என்றாள் பிபியானா.

"கடல் மேல புதுப் பனி படிஞ்சிருந்த நாள்," என்றான் எனோக். குழந்தையின் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவர் எப்பவும் நாய்களைச் சுத்திக்கிட்டு, தண்ணியோரமாத்தான் நடப்பார். நாங்க பார்த்துச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். அன்னைக்கு நான் ஒரு நாயை அவுத்து விட்டேன். பல்லு போன கிழ நாய், கடிக்காது. சும்மா வேடிக்கைக்கு. வீட்டுப் பக்கம் ஓடி வருவார்னு நினைச்சேன். பனிமேல ஓடிட்டார்."

"ஊர்ல யார் பார்த்தது?"

"எல்லாரும். எல்லாரும் கரையில நின்னு சிரிச்சோம். பனி உடைஞ்சு அவர் தண்ணிக்குள்ளே போனப்புறமும் கொஞ்ச நேரம் சிரிச்சோம். வேடிக்கை காட்டுறார்னு நினைச்சோம். படகை இழுத்துக்கிட்டுப் போனேன். பனியை உடைச்சுப் பார்த்தேன். கிடைக்கலை. வடக்கே நடந்து போனார்னு சொல்லலாம்னு அன்னைக்கு யார் முதல்ல சொன்னாங்கன்னு கூட ஞாபகமில்லை."

"அப்புறம் சத்தம் வர ஆரம்பிச்சுது," என்றாள் அமாலியா. "தண்ணியோரமாக் கூழாங்கல் சரியும். ஒவ்வொரு வீட்டு நாயையும் சுத்திக்கிட்டு வந்து எங்க வாசல்ல நிக்கும். வெளியே போய்ப் பார்த்தா நாய் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டிருக்கும், ஒண்ணுகூடக் குரைக்காது. கதவைத் திறந்து வெச்சோம். காபி ஊத்தி வெச்சோம். போகலை. இவ பொறந்ததும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அன்னைக்கோட நின்னுது."

மினிக்குக்குத் தாங்கவில்லை. "மறைக்கணும்னு இருந்தவங்க அந்தப் பேரை வெக்காமலே விட்டிருக்கலாமே. நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம்."

புத்தி பேதலித்தவனைப் பார்ப்பதுபோல எனோக் அவனைப் பார்த்தான். "அவரைக் குளிர்லயே நிக்க விட்டுடுறதா?"

மினிக் குனிந்து, குழந்தை கீழே போட்ட கரண்டியை எடுத்து அதன் கையில் கொடுத்தான்.

துறையில் கப்பல் முதல் சங்கு ஊதியது. "அவரோட அம்மா கீழே கூடத்துல இருக்காங்க," என்றாள் பிபியானா. "காவல்துறைக்கு அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல அவங்களுக்கு நீங்க சொல்லணும்."

எனோக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். நால்வரும் இறங்கினார்கள். வழியில் மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பெர்த்தா வந்தாள், படகுக்காரன் வந்தான், பேர் தெரியாதவர்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அன்று கரையில் நின்றவர்கள் இவர்கள்தான் என்பது மினிக்குக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

கூடத்தில் மார்கிரெத் தலை வாரி, கன்னம் சிவந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மினிக்கைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனுக்காகத்தான்.

மார்கிரெத் வீட்டில் பேசுவது டேனிஷ் மொழி, எனோக்குக்கு அது அவ்வளவாக வராது. பிபியானாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அவள் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டாள். "நீ சொல்லு," என்றாள் மினிக்கிடம்.

எனோக் ஒரு வாக்கியம் சொல்வான், மினிக் அதை டேனிஷில் சொல்வான். நாய் வரைக்கும் வந்தது. பனி வரைக்கும் வந்தது. 'சிரிச்சோம்' என்ற இடத்தில் மினிக் நின்றுவிட்டான். எதைச் சொன்னாலும் சிரிப்பு மூட்டியே பிழைத்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. எனோக் காத்திருந்தான். வேறு வழியில்லாமல் மினிக் சொன்னான்.

மார்கிரெத் அழவில்லை. வாசலை அடைத்து நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "சிரிச்சவங்க எல்லாரும் இவங்கதானா?" என்று கேட்டார். மினிக் தலையாட்டினான். பெர்த்தா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனோக் முன்னால் வந்து மண்டியிட்டுக் குழந்தையை நீட்டினான். "இவங்க உங்க மகன். நீங்க இவங்க அம்மா. எங்ககிட்ட வெச்சுக்க எங்களுக்குத் தகுதி இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்," என்றான். மினிக் அதையும் சொன்னான், வழக்கத்தையும் விளக்கினான். மார்கிரெத் குழந்தையைப் பார்த்தார். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது அந்த மடியில் போன் அடித்தது. வீட்டிலிருந்து. மார்கிரெத் அதை எடுத்து மினிக்கிடம் நீட்டினார். "இருக்கான்னு சொன்னது நீதானே," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மினிக் வாங்கிக் காதில் வைத்தான். கிழவர் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்படி இருந்தது.

"மார்கிரெத், ரோக்வூர் வந்துட்டானா? பக்கத்துல இருக்கானா? போனை அவன்கிட்ட குடு."

மொழி புரியாதவர்களுக்கும் பேர் புரிந்தது. கூடத்தில் இருந்த அத்தனை முகமும் குழந்தையின் பக்கம் திரும்பியது. எனோக் மெல்ல எழுந்து, குழந்தையின் காதைப் போனுக்கு நேராகக் கொண்டுவந்தான். அவன் பொய் சொல்லவில்லை. அங்கிருந்த யாருக்கும் அது பொய்யில்லை. மினிக்குக்கும்தான். போன் பிடித்த கை பாதி தூரம் போனது. குழந்தை அதைப் பிடிக்க விரல்களை விரித்தது. மார்கிரெத் கண்ணைக் கொட்டாமல் மினிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மினிக் போனைத் தன் காதுக்கே திரும்பக் கொண்டுவந்தான்.

"ஐயா, நான் மினிக். இங்கேயிருந்து சேதி சொன்ன ஆள். நீங்க இப்போ நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்பா, ஜன்னலோரமா. நான் நின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"முதல்ல உட்காருங்க ஐயா," என்றான் மினிக்.